சிவப்பு விளக்கில் நிற்கும் பாட்டு

முதலில் பாட்டு வரும். அப்புறம்தான் பைக் வரும். அமெரிக்காவின் மலையடிவார ஊர்களில் சனிக்கிழமை காலை காபிக் கடை வாசலில் உட்கார்ந்திருக்கும் யாருக்கும் இந்த வரிசை தெரியும். எழுபதுகளின் ராக் பாட்டு ஒன்று வளைவுக்கு அந்தப் பக்கமே கிளம்பி, கடைக் கண்ணாடியை லேசாக அதிரவைத்து, உங்கள் பேச்சை நடுவாக்கியத்தில் நிறுத்தும். பிறகு வரவேற்பறைச் சோபாவுக்குச் சக்கரம் மாட்டியது போல ஒரு வண்டி கடந்து போகும். ஓட்டுபவருக்கு அறுபது வயது இருக்கும். வெள்ளைத் தாடி. பின்னால் மனைவி. காபி குடிப்பவர்களில் சிலர் சிரிப்பார்கள், சிலர் முகம் சுளிப்பார்கள். அவர் இரண்டையும் பார்ப்பதில்லை.

பைக்கில் எதுக்கு ஸ்பீக்கர்? நம் ஊரிலிருந்து போன எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி இது. நானும் கேட்டேன். நாம் அறிந்த பைக் வேறு. அது ஆபீஸ் போகிற, பால் வாங்குகிற வண்டி. டூரிங் பைக் என்பது 350 கிலோவுக்கு மேல் எடையுள்ள, ஒரே நாளில் 800 கிலோமீட்டர் ஓட்டினாலும் இடுப்பு பிடிக்கக்கூடாது என்று யோசித்துச் செய்த ஜந்து. அதன் வரலாறே சொகுசு ஒவ்வொன்றாக வந்து ஏறிக்கொண்ட வரலாறுதான். 1969இல் ஹார்லி டேவிட்சன், வௌவால் சிறகு மாதிரியான முன்புறக் கவசத்தைக் கொண்டுவந்தது. இன்றும் அதன் பெயர் ‘பேட்விங்’. 1971இல் கிரெய்க் வெட்டர் என்ற வடிவமைப்பாளர், பல கம்பெனி வண்டிகளுக்கும் மாட்டக்கூடிய ‘விண்ட்ஜாமர்’ கவசத்தை விற்க ஆரம்பித்தார். 1975இல் ஹோண்டாவின் கோல்டு விங் மொட்டையாகத்தான் வந்தது. ஐந்தே வருடத்தில், 1980இல், கவசமும் பக்கப் பெட்டிகளும் கம்பெனியிலேயே மாட்டி வந்துவிட்டன. விருப்பப்பட்டால் ஸ்டீரியோவும் உண்டு.

கவசம் வந்தது நெஞ்சில் அடிக்கும் காற்றைத் தடுக்க. ஆனால் கவசம் என்று ஒன்று வந்துவிட்டால் அதற்கு ஓர் உட்புறம் இருக்கும். உட்புறம் காலியாக இருக்கும். காலியாக இருக்கும் இடத்தை மனிதன் சும்மா விடுவானா?

எனக்கு அண்ணன் முறை வைத்துப் பழகும் ஒருவர் இருக்கிறார். மதுரைக்காரர். இருபது வருடமாக வட கரோலினாவில் வசிக்கிறார். பழைய டூரிங் பைக் ஒன்றை வாங்கி, இரண்டு வருடமாக அதன் ஸ்பீக்கர்களை மாற்றிக்கொண்டே இருக்கிறார். மாற்றினார் என்று சொல்ல முடியாது, மாற்றிக்கொண்டே இருக்கிறார். எந்தச் சனிக்கிழமை போன் செய்தாலும் கேரேஜில் இருப்பார். “தம்பி, கம்பெனி ஸ்பீக்கர் வீட்டு வாசல்ல அருமையா பாடுது. ஹைவே ஏறினா பாட்டுக்காரர் வாயை மட்டும் அசைக்கிற மாதிரி இருக்கு” என்பார். அவர் புலம்பலில் உள்ள இயற்பியலைச் சொல்லாமல் இந்த விஷயத்தின் அறச்சிக்கலைச் சொல்ல முடியாது. அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மணிக்கு 110 கிலோமீட்டரில் போகும்போது ஹெல்மெட்டுக்குள் கேட்கும் காற்றின் இரைச்சல் 100 டெசிபலை ஒட்டியிருக்கும். எஞ்சின் சத்தத்தைச் சொல்லவில்லை, வெறும் காற்றையே சொல்கிறேன். பாட்டு கேட்க வேண்டுமென்றால் அது இதைத் தாண்ட வேண்டும், குறைந்தபட்சம் பக்கத்தில் நிற்கவாவது வேண்டும். டெசிபல் நம் ஊர் வட்டிக்கடைக் கணக்கு மாதிரி. நீங்கள் நினைக்கும் வேகத்தில் ஏறாது, கொடுக்கும் வாட்டை மட்டும் விழுங்கும். 20 வாட் ஆம்ப்ளிஃபயரை எடுத்துவிட்டு 40 வாட் மாட்டினால் கிடைப்பது வெறும் 3 டெசிபல். காது அதைக் கொஞ்சமாகத்தான் கவனிக்கும். சத்தம் இரண்டு மடங்கானது என்று காது ஒத்துக்கொள்ள 200 வாட் வேண்டும். பத்து மடங்கு மின்சாரத்துக்கு இரண்டு மடங்கு பாட்டு. இந்த இடத்தில்தான் பலர் அடுத்த கிரெடிட் கார்டை எடுக்கிறார்கள்.

அடுத்த சிக்கல் அடிநாதம், அதாவது பேஸ். காரில் பேஸ் நன்றாகக் கேட்பதற்குக் காரணம் கார் ஒரு மூடிய பெட்டி என்பது. திறந்தவெளியில் அந்த உதவி இல்லை. ஸ்பீக்கர் கூம்பின் முன்பக்கம் தள்ளும் காற்றையும் பின்பக்கம் இழுக்கும் காற்றையும் நன்றாகப் பிரித்து வைக்காவிட்டால், தாழ்ந்த சுருதிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பைக் கவசத்துக்குள் அப்படி ஒழுங்கான பெட்டி கட்ட இடம் குறைவு. ஆகவே மாற்றுகிறவர்கள் பின்பக்கம் போகிறார்கள். சாமான் வைக்கும் பக்கப் பெட்டிகளின் மூடியைக் கழற்றிவிட்டு, 6க்கு 9 அங்குல முட்டை வடிவ ஸ்பீக்கர் பதித்த மூடிகளை மாட்டுகிறார்கள். கீழே இருக்கும் பெட்டியே ஸ்பீக்கருக்குக் கூடாகிவிடும். துணி வைக்க வேண்டிய இடத்தில் ஆம்ப்ளிஃபயர் உட்காரும். நீண்ட பயணத்துக்காக வாங்கிய வண்டியில் மாற்று ஜட்டி வைக்க இடமில்லாமல் போகும். இதை அண்ணனிடம் சொன்னபோது, “அதுக்குத்தான் முதுகுப்பை இருக்கே” என்றார்.

இப்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஹெல்மெட்டைச் சுற்றிய காற்றின் இரைச்சல் எல்லாச் சுருதியிலும் ஒரே அளவில் இருப்பதில்லை. அது பெரும்பாலும் தாழ்ந்த பக்கம்தான், ஓர் ஓயாத உறுமல். தாழ்ந்த உறுமல் தாழ்ந்த சுருதியைத்தான் முதலில் மறைக்கும். அதாவது நெடுஞ்சாலை வேகத்தில் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பேஸின் பெரும்பகுதி உங்களுக்கே கேட்காது. குரல், கிதாரின் மேல் தந்தி, சிம்பல் இவைதான் தப்பித்து வரும். அப்படியானால் அந்த இரண்டு பெரிய ஸ்பீக்கர்களும், அவற்றை ஓட்டும் நூற்றுக்கணக்கான வாட்டுகளும் முழு பலத்தோடு கேட்பது எப்போது? வண்டி மெதுவாகும்போது. வண்டி நிற்கும்போது. ஓட்டுபவரைத் தவிர மற்றவர்களும் பக்கத்தில் இருக்கும்போது.

எனக்கு இந்த விஷயத்தில் தத்துவம் ஆரம்பிப்பது இந்த இடத்தில்தான். ஸ்பீக்கர் மாற்றுகிற ஒவ்வொருவரும் “எனக்காகத்தான், என் காதுக்கு எட்டத்தான்” என்று சொல்கிறார். பொய் இல்லை, மனமாரச் சொல்கிறார். ஆனால் பில்லை எடுத்துப் பார்த்தால் அதில் இரண்டு விதமான வரிகள் இருக்கின்றன. முன்கவசத்தில் காதை நோக்கித் திருப்பிய, குறைந்த வாட்டிலேயே ஓங்கிப் பாடும் நல்ல ஸ்பீக்கர், காற்றுக்கு ஏற்பச் சுருதிகளைச் சரிசெய்யும் சின்னக் கருவி, இவை ஓட்டுபவருக்கானவை. பெட்டிக்குள் உட்காரும் பேஸ் பெரும்பாலும் தெருவுக்கானது. அதே கை, அதே கார்டு, அதே மகிழ்ச்சி. ஆனால் இரண்டு செயல்கள்.

தெருவுக்கானது என்பதாலேயே அது தப்பா? அவசரப்பட வேண்டாம். பிறர் பார்க்க வேண்டும் என்று நாம் செய்யும் எத்தனையோ காரியங்கள் இருக்கின்றன. வாசலில் கோலம் போடுவதும் தெருவுக்கானதுதான். வேறுபாடு ஒன்று உண்டு. கோலத்தைப் பார்க்காமல் தாண்டிப் போக முடியும்.

ஜெர்மானிய சமூகவியலாளர் கியோர்க் ஸிம்மல் 1908இல் வெளியான தன் பெரிய நூலில் புலன்களைப் பற்றிச் சில பக்கங்கள் எழுதியிருக்கிறார். கண் வாங்கும்போதே கொடுக்கவும் செய்கிறது, நாம் ஒருவரைப் பார்த்தால் அந்தப் பார்வையில் நாமும் அவருக்குத் தெரிந்துவிடுகிறோம் என்கிறார். காது அப்படி இல்லை. அது வாங்க மட்டும் செய்யும். அந்தச் சுயநலத்துக்குத் தண்டனையாக அதற்கு இமை கிடையாது, அருகில் வரும் எதையும் மறுக்க முடியாது. ஸ்பீக்கர் வைத்திருப்பவரையும் கேட்பவரையும் பற்றி யோசிக்க இதைவிட நல்ல தொடக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. சிக்னலில் ஒலியை ஏற்றி வைத்திருப்பவர், இமையில்லாத ஓர் உறுப்புக்கு முன்னால் நிற்கிறார்.

அவருக்கு முன்பே காண்ட் இதைத் தொட்டிருந்தார். 1790இல் வந்த அவருடைய மூன்றாம் விமர்சன நூலில், இசைக்கு நாகரிகம் போதாது என்று ஒரு புகார் உண்டு. அது வேண்டியவர், வேண்டாதவர் என்று பார்க்காமல் அக்கம்பக்கமெல்லாம் பரவுகிறது. சட்டைப்பையிலிருந்து வாசனை தடவிய கைக்குட்டையை எடுத்தால் சுற்றியிருக்கும் எல்லோரும் அதை மூச்சில் இழுத்துத்தான் ஆக வேண்டும், அதுபோல என்கிறார். இது வெறும் நூலறிவு அல்ல, மனுஷனுக்குச் சொந்த வலி. கோனிக்ஸ்பெர்கில் அவர் வீட்டருகே இருந்த சிறையில் கைதிகள் பக்திப் பாட்டை உரக்கப் பாடுவார்கள். 1784இல் நகர மேயருக்கு இதுபற்றிக் கடிதமே எழுதினார், ஜன்னலையாவது சாத்திக்கொண்டு பாடச் சொல்லுங்கள் என்று.

ஆடி மாதம் குழாய் ஸ்பீக்கருக்குக் கீழே பரீட்சைக்குப் படித்த எவருக்கும் காண்ட் மேல் இங்கே தனிப் பிரியம் வரும். எனக்கும் வந்தது. ஆனால் கடிதத்தை மறுபடி யோசித்தால் ஒன்று உறுத்துகிறது. சிறையில் இருப்பவனுக்குப் பாட்டைத் தவிர வெளியே அனுப்ப என்ன இருந்தது? சத்தத்தைப் பற்றிப் புகார் சொல்பவர் எப்போதும் ஜன்னலுக்கு உள்ளே மேஜை போட்டு உட்கார்ந்திருப்பவர். 1851இல் ஷோப்பன்ஹவர் சத்தத்தைத் திட்டி ஒரு முழுக் கட்டுரை எழுதினார். அவர் கோபம் தெருவில் சாட்டையைச் சொடுக்கும் வண்டிக்காரர்கள் மேல். சிந்தனையாளனின் ஒரு யோசனையை வண்டிக்காரனின் ஒரு சொடுக்கு கொன்றுவிடுகிறது என்பது அவர் வாதம். வண்டிக்காரனின் பக்கத்தை யாரும் எழுதி வைக்கவில்லை. ஒருவேளை நாள் முழுக்க அடுத்தவர் மூட்டையை இழுத்த அலுப்பில், தான் இருப்பதைத் தெருவுக்குச் சொல்ல அவனுக்கு அந்தச் சொடுக்கு மட்டும்தான் இருந்ததோ என்னவோ.

வெள்ளைத் தாடிக்காரரிடம் இந்த நியாயம் செல்லுமா? பாதி செல்லும். நாற்பது வருடம் ஏதோ ஒரு கிடங்கிலோ தொழிற்சாலையிலோ வேலை பார்த்தவராக இருக்கலாம். வாரத்தில் ஒரு காலை ஊர் தன்னைத் திரும்பிப் பார்க்கட்டும் என்று நினைப்பதில் அசிங்கம் எதுவும் இல்லை. ஆனால் அவர் கைதி இல்லை. அந்த வண்டியின் விலைக்கு ஒரு நல்ல கார் வாங்கலாம். காபிக் கடை மேஜையைத் துடைக்கும் பெண்ணுக்கு எழுந்து போகும் வசதிகூட இல்லை. அவர் பாட்டு முடியும்வரை அவள் அங்கேதான் இருக்க வேண்டும். யார் நகர முடியாதவர் என்பதைப் பொறுத்து நியாயம் பக்கம் மாறுகிறது.

அமெரிக்க நீதிமன்றங்கள் இந்த நகர முடியாதவரைப் பற்றி நிறையப் பேசியிருக்கின்றன. 1949இல் நியூ ஜெர்சியின் டிரென்டன் நகரில் ஒலிபெருக்கி கட்டிய வண்டி பற்றிய வழக்கில், காதைக் கிழிக்கும் சத்தத்தைத் தெருவில் தடுக்க நகராட்சிக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. எனக்குப் பிடித்தது மூன்று வருடம் கழித்து வந்த இன்னொரு வழக்கு. வாஷிங்டன் நகரத்து பஸ்களிலும் டிராம்களிலும் கம்பெனி ஸ்பீக்கர் வைத்து ரேடியோ போட்டது. பயணிகள் இருவர் எதிர்த்து வழக்காடினார்கள். இறங்கி நடந்து போனாலொழிய பஸ்ஸில் இருப்பவன் அதிலிருந்து தப்ப முடியாது. நீதிபதி ஃபிராங்க்ஃபர்ட்டர் இந்த வழக்கில் தீர்ப்பளிக்காமல் ஒதுங்கிக்கொண்டார். சொன்ன காரணம் அபூர்வமானது. இந்த வழக்கத்தால் பாதிக்கப்பட்டவன் நான், என் எரிச்சல் அவ்வளவு ஆழமாக இருக்கிறது, நடுநிலையாக இருப்பேன் என்று எனக்கே நம்பிக்கையில்லை என்ற பொருளில் எழுதி வைத்தார். மற்றவர்கள் பெரும்பான்மையாகக் கம்பெனிக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னார்கள். நீதிபதி டக்ளஸ் மட்டும், தனித்து விடப்படும் உரிமைதான் எல்லாச் சுதந்திரத்துக்கும் தொடக்கம் என்று மாறுபட்டு எழுதினார். எரிச்சலை எரிச்சல் என்று ஒத்துக்கொண்டு எழுந்து போன நீதிபதி மேல் எனக்கு ஒரு கண்.

இன்றைய சட்டங்கள் அடியைக் கொண்டு அளக்கின்றன. கலிஃபோர்னியாவில் வண்டியின் பாட்டு 50 அடிக்கு அப்பால் கேட்கக்கூடாது. ஃப்ளோரிடாவில் அது 25 அடி. ஆனால் அரசியல் பிரச்சாரத்துக்கும் வியாபார விளம்பரத்துக்கும் மட்டும் விலக்கு தந்திருந்தார்கள். ஓட்டு கேட்பவன் கத்தலாம், பாட்டு கேட்பவன் கூடாது என்றால் என்ன நியாயம் என்று கேட்டு, அந்த மாநில உச்ச நீதிமன்றம் 2012இல் சட்டத்தைத் தூக்கியெறிந்தது. பத்து வருடம் கழித்து 2022இல் வேறு வடிவில் அது திரும்பி வந்தது. அதே 25 அடி.

அண்ணன் அதிகம் ஓட்டுவது புளூ ரிட்ஜ் பார்க்வே. 469 மைல் நீளத்துக்கு மலை முகட்டிலேயே போகும் சாலை. லாரி கிடையாது, விளம்பரப் பலகை கிடையாது, வேக வரம்பு பெரும்பாலும் 45 மைல். தேசியப் பூங்காத் துறையின் நிலம் என்பதால் அதன் விதி பொருந்தும். ஒலிக் கருவியின் சத்தம் 50 அடி தூரத்தில் 60 டெசிபலைத் தாண்டக்கூடாது. ஒரு மாலை உட்கார்ந்து இதைக் கணக்குப் போட்டோம். ஸ்பீக்கருக்கும் அவர் காதுக்கும் நடுவே முக்கால் மீட்டர். 50 அடி என்பது 15 மீட்டர், அதாவது 20 மடங்கு. திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் குறையும், 20 மடங்குக்கு 26 குறையும். திருப்பிப் போட்டால், 60ஐ மீறாமல் அவர் தன் காதுக்கு அனுப்பிக்கொள்ளக்கூடியது 86. நெடுஞ்சாலைக் காற்றின் 100க்கு முன்னால் இந்த 86 ஒரு முணுமுணுப்பு. மலைப்பாதையில் மெதுவாகப் போனால் ஒப்பேறும். அண்ணன் பேப்பரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “அப்ப இந்தச் சட்டம் என்னைப் பாட்டு கேக்கச் சொல்லுது, ஆனா மெதுவா போகச் சொல்லுது” என்றார். நான் பார்த்தவரை அந்தச் சட்டத்துக்கு இதைவிட நல்ல உரை எழுத முடியாது.

இந்தக் கணக்கில் மறைந்திருப்பது இன்னொன்று. ஓட்டுபவர் தானே எழுப்பும் இரைச்சலை வெல்லத்தான் ஒலியை ஏற்றுகிறார். காற்று வந்து அவர்மேல் மோதவில்லை, அவர்தான் போய் அதில் மோதுகிறார். வீட்டில் பாட்டு கேட்பவனுக்கு இந்த நிலை கிடையாது. தன் வேகத்தின் சத்தத்தை மறைக்க ஒரு சத்தம். வேகம் நின்றதும் முதல் சத்தம் அடங்கிவிடுகிறது, இரண்டாவது அடங்குவதில்லை. ஒரு நொடி முன்புவரை அவருக்குத் தேவையாக இருந்த 100 டெசிபல், சிவப்பு விளக்கில் நின்றதும் யாருக்கும் தேவையில்லாத 100 டெசிபலாக மாறுகிறது. அதே பாட்டு, அதே குமிழ், எதையும் அவர் தொடவில்லை. தொடாமல் இருந்ததே செயலாகிவிட்டது. ஆகவே ஸ்பீக்கர் மாற்றலாமா கூடாதா என்பது எனக்குப் பெரிய கேள்வியாகப் படவில்லை. வண்டி 110லிருந்து பூஜ்யத்துக்கு இறங்கும் அந்த ஏழெட்டு நொடியில் இடது கட்டைவிரல் எங்கே போகிறது என்பதுதான் கேள்வி.

இதற்கும் மெஷின் வந்துவிட்டது. வேகத்துக்கு ஏற்ப ஒலியைத் தானே ஏற்றி இறக்கும் வசதி இந்தப் பெரிய வண்டிகளில் ரொம்ப நாளாக இருக்கிறது. அறத்தை ஆட்டோமேட்டிக் ஆக்கிவிட்டார்கள் என்று சந்தோஷப்படலாம். ஆனால் அந்தக் கருவிக்குச் சக்கரத்தின் வேகம் மட்டும்தான் தெரியும். ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறோமா, ஆளில்லாத காட்டில் நிற்கிறோமா என்று தெரியாது. தவிர, அது எவ்வளவு இறக்க வேண்டும் என்பதையும் நாம்தான் அமைப்பில் தேர்ந்தெடுக்க வேண்டும். வெளியிலிருந்து வாங்கி மாட்டும் ஆம்ப்ளிஃபயர் அந்த இறக்கத்துக்கு மேலே தன் பங்கைப் பெருக்கிக்கொடுக்கும்.

ஹெல்மெட்டுக்குள் சின்ன ஸ்பீக்கர் மாட்டிக்கொண்டால் பிரச்சினையே இல்லையே என்பீர்கள். உண்மை. விலையும் பத்தில் ஒரு பங்கு. வெளியே ஒருவருக்கும் கேட்காது. இதை அண்ணனிடம் சொல்லும்போதெல்லாம் அவர் முகம் கொஞ்சம் வாடும். ஒருநாள் காரணம் சொன்னார்: “ஹெல்மெட்ல கேட்டா பாட்டு என் மண்டைக்குள்ள இருக்கு தம்பி. ஸ்பீக்கர்ல கேட்டா பாட்டு ரோட்டுல இருக்கு. நான் அதுக்குள்ள ஓட்டிட்டுப் போறேன். உங்க அக்காவும் பின்னாடி அதையே கேக்குறா.”

இதை என்னால் அலட்சியப்படுத்த முடியவில்லை. ஒரே பாட்டை இரண்டு பேர் ஒரே காற்றில் கேட்பது என்பது ஆளுக்கொரு காதொலிப்பான் போட்ட இந்தக் காலத்தில் குறைந்துகொண்டே வருகிறது. ராபர்ட் பிர்ஸிக் 1968இல் மகனைப் பின்னால் உட்காரவைத்து மினியாப்பொலிஸிலிருந்து கலிஃபோர்னியாவரை ஒரு சின்ன ஹோண்டாவில் போனார். அந்தப் பயணத்திலிருந்து 1974இல் வந்த புத்தகத்தைப் படித்தவர்களுக்கு, கார் கண்ணாடி வழியே பார்ப்பது டிவி பார்ப்பது மாதிரி, பைக்கில்தான் நாம் காட்சிக்குள்ளேயே இருக்கிறோம் என்று அவர் ஆரம்பத்தில் சொல்வது நினைவிருக்கும். ஸ்பீக்கர் கட்டியதை அவர் பார்த்திருந்தால் மறுபடியும் ஒரு கண்ணாடி போட்டுவிட்டீர்களே என்றிருப்பார் என நினைக்கிறேன். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. மலை முகட்டில் ஓட்டிக்கொண்டு எதற்கு வேறொரு ஊரில் பதிவுசெய்த டிரம்ஸ்? ஆனால் அவரும் மைல் கணக்கில் தலைக்குள் தத்துவச் சொற்பொழிவு ஓடவிட்டவர்தானே. யார்தான் சாலையை மட்டும் கேட்டுக்கொண்டு ஓட்டினார்கள்?

இவர்கள் சொல்லும் இன்னொரு நியாயத்தை மட்டும் நான் ஏற்கமாட்டேன். சத்தம் உயிரைக் காக்கும், எங்கள் சத்தம் கேட்டால்தான் கார்க்காரன் பார்ப்பான் என்பது. சைலன்சருக்காகப் பிறந்த வாசகத்தை ஸ்பீக்கருக்கும் கடன் வாங்குகிறார்கள். 1981இல் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹர்ட் குழு, 900 பைக் விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்து அறிக்கை தந்தது. ஆபத்து வந்த திசை முக்கால் பங்குக்கு மேல் நேர் எதிர்ப்புறம். சைலன்சர் சத்தம் போவது பின்னால். ஸ்பீக்கர் பார்த்துக்கொண்டிருப்பது ஓட்டுபவரின் முகத்தை. எதிரே வருபவனுக்கு இரண்டுமே முதுகைத்தான் காட்டுகின்றன. பிடித்திருக்கிறது, போடுகிறேன் என்று சொன்னால் மரியாதையாக இருக்கும்.

காதைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் அளவுகோலில், ஒரு நாளைக்கு 85 டெசிபலை 8 மணி நேரம் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 100இல் கிடைப்பது 15 நிமிடம். காற்று ஒன்றே அதைச் செலவழித்துவிடுகிறது, அதற்கு மேல் பாட்டு. அண்ணனுக்கு ஒரு வருடமாக ராத்திரி படுத்தால் இடது காதில் ஒரு ரீங்காரம். விளக்கை அணைத்ததும் ஆரம்பிக்கும், நிறுத்தக் குமிழ் கிடையாது. அவர் இதைச் சொன்னபோது நான் காண்ட், ஸிம்மல் எல்லாம் பேசவில்லை. டாக்டர் காதடைப்பான் போடச் சொல்லியிருக்கிறார். வேடிக்கை என்னவென்றால், காதடைப்பான் போட்டபின் பாட்டு அவருக்கு இன்னும் தெளிவாகக் கேட்கிறதாம். காற்றையும் பாட்டையும் அது சேர்த்தே குறைக்கிறது, ஆனால் திணறிக்கொண்டிருந்த காதுக்கு மூச்சு விட இடம் கிடைக்கிறது. அனுபவமுள்ள ஓட்டிகள் பலருக்கும் இது தெரியும். இரண்டு வருடமும் ஏகப்பட்ட டாலரும் தர முடியாத தெளிவை இரண்டு துண்டுப் பஞ்சு தந்தது.

இவ்வளவுக்கும் பிறகு அவர் பக்கப் பெட்டிக்கு ஸ்பீக்கர் மூடியும் வாங்கிவிட்டார். போன வருடம் பைக்காரர்கள் கூடும் ஒரு திருவிழாவுக்குப் போனபோது ஆசைப்பட்டு வாங்கியது. தெற்கு டகோடாவின் ஸ்டர்ஜிஸில் 1938இலிருந்து நடக்கும் பெரிய கூட்டம் மாதிரியானவை இவை. அங்கே வருகிறவர்கள் எல்லோரும் கேட்கத்தான் வருகிறார்கள். யார் வண்டி அதிகம் அதிர்கிறது என்று போட்டியே நடக்கும் இடங்கள் உண்டு. அங்கே அந்த பேஸுக்கு ஓர் அர்த்தம் இருந்தது, முன்பின் தெரியாத ஆட்கள் வந்து பெட்டி மேல் கை வைத்துப் பார்த்துச் சிரித்தார்கள் என்றார். அதே டெசிபல், அதே பாட்டு. கேட்பவர் டிக்கெட் எடுத்து வந்திருந்தார், அவ்வளவுதான்.

ஊர் திரும்பிய பிறகும் ஒரு மாதம் அந்த மூடிகள் வண்டியிலேயே இருந்தன. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. இந்த மாதிரி வண்டிகள் சிலவற்றில் பின்னால் உட்காருபவருக்கும் ஒலியைக் குறைக்க ஒரு பொத்தான் வைத்திருப்பார்கள், அண்ணன் வண்டியிலும் உண்டு. சிக்னலுக்குச் சிக்னல் அக்கா அதை அமுக்கிக்கொண்டிருந்திருக்கிறார். பச்சை விழுந்ததும் அண்ணன் முன்னாலிருந்து ஏற்றுவார், அடுத்த சிவப்பில் அக்கா இறக்குவார். இருவரும் இதைப்பற்றி ஒருநாளும் பேசிக்கொள்ளவில்லை. வண்டியில் ஏதோ கோளாறு, நின்றால் தானாகக் குறைகிறது என்று அவர் இரண்டு வாரம் ஒயரைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னிடம் போனில் அறிகுறிகளை விவரித்தார். பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது.

இப்போது கேரேஜ் சுவரில் இரண்டு ஜோடி மூடிகள் தொங்குகின்றன, ஒன்று ஸ்பீக்கர் வைத்தது, ஒன்று வெறும் மூடி. மாற்றுவதற்கு அரை மணி நேரம் ஆகும். போன சனிக்கிழமை போன் செய்தபோது ஸ்க்ரூடிரைவர் சத்தம் கேட்டது. எந்த ஜோடியை மாட்டுகிறீர்கள் என்று கேட்டேன். “எந்த ரோடுன்னு உங்க அக்கா இன்னும் சொல்லல” என்றார்.